புள்ளி வைத்த தட்டு

அண்ணி குனிந்து நகப்பூச்சை ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பூசியது நகத்தில் இல்லை, ஒரு தட்டின் விளிம்பில். பக்கத்தில் ஒரு டம்ளர், ஒரு கரண்டி. எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி.

"இது எதுக்கு?" என்றான் அண்ணன்.

"உங்க தம்பிக்கு. நம்மளோடது கூடக் கலந்துடக் கூடாதுல்ல."

அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு கண்ணாடி வெட்டும் கடை, ஒரு ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டரின் பெட்டியில்தான் மாத்திரை பாட்டில் அவள் கையில் அகப்பட்டது. மருந்துக் கடையில் காட்டிக் கேட்டாள். எச்.ஐ.வி.க்குக் கொடுப்பது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து இருவர் முன்னாலும் பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். அவள் கேட்டு முடிப்பதற்குள், "என்னோடதுதான் அண்ணி" என்றான் தம்பி.

அன்றோடு அவனுக்குக் கடை கிடையாது. கண்ணாடி கையைக் கிழித்தால் ரத்தம் வருமே! பின்பக்க அறை, தனிச் சோப்பு, தனி பக்கெட் என்று ஆகிவிட்டது. சித்தப்பா தோளிலேயே வளர்ந்த குழந்தைக்கு, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் தடை.

"தட்டுல, டம்ளர்ல எல்லாம் அது ஒட்டாது" என்றான் அண்ணன். "தொட்டாலும் வராது. மாத்திரையை விடாம சாப்பிட்டு, ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் குறைஞ்சு அப்படியே இருந்தா, கட்டின பொண்டாட்டிக்குக்கூடப் பரவாதாம்."

"கல்யாணமே ஆகாதவருக்கு அந்தப் பாடம் எதுக்கு?" என்று அவள் வெட்டிவிட்டாள். அவள் பயம் அவளுக்கு.

தினமும் இரவு எட்டு மணிக்குப் பின்னறைக் கடிகாரத்தில் அலாரம் அடிக்கும். அண்ணன் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போவான்.

"புள்ளி வச்ச டம்ளர் அங்கயே இருக்கே. நம்ம டம்ளரை ஏன் கொண்டுபோறீங்க?"

"மறந்துட்டேன்" என்பான். மறுநாளும் மறப்பான்.

ஒரு சாயங்காலம் குழந்தை ஓடிவந்த தாகத்தில் புள்ளி வைத்த டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டது. அண்ணி அதன் முதுகில் ஒன்று வைத்தாள், வாயைக் கழுவிவிட்டாள், பிறகு தானும் உட்கார்ந்து அழுதாள்.

"பச்சப்புள்ள வளர்ற வீடுங்க இது. ஒண்ணு அவர் இருக்கட்டும், இல்ல நாங்க இருக்கோம். நீங்களே சொல்லிடுங்க."

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. பின்னறைக்கு எல்லாம் கேட்டிருந்தது. தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான்.

"வர்றேன் அண்ணி. பாப்பாவை அடிக்காதீங்க."

வாசலில் கொஞ்ச நேரம் அண்ணன் முகத்தையே பார்த்தபடி நின்றான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் போக வேண்டியதில்லை. கடையில் வாய் ஓயாமல் பேரம் பேசும் அண்ணன், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். தம்பி இறங்கிப் போய்விட்டான்.

தட்டும் டம்ளரும் கரண்டியும் குப்பைக்குப் போயின. அண்ணி பின்னறையைக் கழுவிவிட பக்கெட்டோடு போனபோது அலாரம் அடித்தது. நிறுத்தப் போனவளின் கண்ணில், ஜன்னல் மேடையில் இருந்த பாட்டில் பட்டது.

என்ன இருந்தாலும் அவளும் மனுஷிதான், பதறிவிட்டாள்.

"ஐயோ, மருந்தை விட்டுட்டுப் போயிட்டாருங்க. ஒரு வேளைகூட தவறக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பஸ் ஸ்டாப்லதான் நின்னுட்டிருப்பார். ஓடிப்போய்க் கொடுத்துட்டு வாங்க."

அண்ணன் ஏற்கெனவே அறை வாசலில் நின்றிருந்தான், கையில் தண்ணீர் டம்ளரோடு. பாட்டிலுக்காகக் கையை நீட்டினான்.

"அது அவனோடது இல்ல."