மதகுக் கல்

1958 மாசி மாதம், காலை பத்து மணி. பளையிலிருந்து இரண்டு நாளாக நடந்து வந்த அருளம்பலம் மாஸ்டர், உடையார்கட்டுக் காட்டோரக் கொட்டில் ஒன்றின் நிழலில் குரக்கன் பிட்டும் எருமைத் தயிரும் சாப்பிடுகிறார். கொட்டில்காரி கமலாசனி இன்னொரு பிடி வைக்கிறாள். "வெக்கப்படாதேங்கோ மாஸ்டர். பஸ்ஸில வாறாக்களுக்கு இந்தப் பசி வராது." அவள் புருஷன் வீரகத்தி சிரிக்கிறான். மாஸ்டரின் கண் பிட்டில் இல்லை. கொட்டிலுக்குப் பின்னால் நீளமாக ஓடும் மண்திட்டியில், பாலைமர வேர்களுக்கிடையே ஒரு சதுரக் கல் தெரிகிறது. கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய் அதன் மண்ணைச் சுரண்டுகிறார். கல்லில் உளி பட்ட கோடுகள் வரிசையாக இருக்கின்றன. "மதகடா வீரகத்தி! இது அந்தக் காலத்துக் குளக்கட்டு. நீங்கள் குடியிருக்கிறது குளத்துக்குள்ள!" சந்தோஷத்தோடு அவர் தோள்பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கல்லைப் படம் கீறத் தொடங்குகிறார். வீரகத்தி திட்டியின் உயரத்தைப் பார்க்கிறான். பிறகு பள்ளத்தில் கிடக்கும் தன் கிணற்றையும், கத்தரிப் பாத்தியையும், நாலு வருடமாகக் காடு வெட்டித் திருத்திய காணியையும் பார்க்கிறான். போன வருடம் இப்படியொரு பழைய குளத்தை அரசாங்கம் திருத்தியபோது, உள்ளே இருந்த ஏழு குடும்பங்கள் காணியை விட்டு எழும்பிப் போயின. மாஸ்டர் கல்லைக் கீறிக்கொண்டே இருக்கிறார். கமலாசனி மாஸ்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். "மாஸ்டர், இதை அரசாங்கக் கச்சேரிக்கு எழுதிப் போடுவியளோ?"