ஜீப்பில் ஏறிய வள்ளிக்கொடி

"என் வள்ளிக்கிழங்குக் கொடியை சர்க்கார் ஜீப்பே ஊர் ஊரா சுமந்துக்கிட்டுப் போகும், பாரு தம்பி!" என்றாள் மும்புவா.

தேநீர் குடித்துக்கொண்டிருந்த கிலோன்சோவுக்குப் புரையேறியது. "ஜீப்புல போகப்போறது நீங்கதான் அக்கா, நேரா ஜெயிலுக்கு! சர்க்கார் முத்திரையில்லாத விதை, கொடி எதையும் நடுறதுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு சட்டம். மீறினா தோட்டத்தையே பிடுங்கி எரிச்சிருவாங்க."

சூரியனுக்கே நாக்கு வறண்டுபோன வருடம் அது. கிதூய் வட்டாரத்தில் மும்புவாவின் கொடி மட்டுமே பிழைத்திருந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு கட்டு வாங்கி, "மாட்டுத் தீவனத்துக்கு!" என்று மலை அதிரக் கத்திவிட்டுப் போனார்கள்.

"இப்போ கட்டு வாங்கிட்டுப் போன கலேக்யே வீட்டுல மாடு ஏது?" என்று கேட்டார் கிலோன்சோ.

"வாங்குவா."

"பாதிரியார் வீட்டுல?"

"அவருக்கும் ஆசை இருக்காதா தம்பி?"

கிலோன்சோ சிரிப்பை விழுங்கிக்கொண்டு தொப்பியை எடுத்து மாட்டினார். அதில் விதைக் கட்டுப்பாட்டுத் துறையின் சின்னம் மின்னியது.

"சோதனை முடிஞ்சது. தீவனம் கொடுக்கத் தடையில்லை."

"விருந்தாளியை வெறுங்கையோட அனுப்புற வழக்கம் நம்ம பக்கம் உண்டா?" என்று அவர் ஜீப்பில் ஒரு கட்டைத் திணித்தாள் மும்புவா. அதை மறுக்க அந்த ஊரில் எந்த அதிகாரிக்கும் துணிவில்லை.

"எனக்கும் மாடு கிடையாதே அக்கா!"

மழை முடிந்ததும் கிலோன்சோ மறுபடி வந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"என் பொண்டாட்டி நட்டுட்டா. அதிகாரிங்க குடியிருப்பு முழுக்கப் படர்ந்து கிடக்கு. நான் சோதனைக்குப் போற ஊருக்கெல்லாம் கட்டுக்கட்டா ஜீப்புல ஏத்தி விடுறா. சிரிக்காதீங்க அக்கா, நீங்க சொன்னது நடந்தே போச்சு!"