மூடாத வட்டு

கொட்டாஞ்சேனையில் யோசெப்பினின் ஸ்டூடியோ வாசலில் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. அந்த வெளிச்சத்தில் டிவிடியைச் சரித்துப் பிடித்து, அவள் அதன் முதுகைப் பார்க்கிறாள். துறைமுகத்து வேலைச் சட்டையோடு எதிரே நிற்கும் ஒஸ்வால்டின் முகம் வெளிறியிருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் அவன் மகளின் ஞானஸ்நானப் படங்களை இந்த வட்டில் எழுதி, பிறகும் சேர்க்கலாம் என்று மூடாமல் கொடுத்தவள் யோசெப்பின்தான். போன கிழமை நுகேகொடையில் ஒரு கடையில், அதே மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய படங்களை அதில் ஏற்றியிருக்கிறான். இப்போது ஞானஸ்நானத்தைக் காணவில்லை. "அழிச்சுப் போட்டாங்கள் அக்கா. வேற கொப்பியும் இல்லை." அவள் வட்டை அவன் பக்கம் திருப்புகிறாள். நடுவில் மங்கலாக ஒரு வளையம். அதைச் சுற்றி இன்னொன்று. "உள்ளுக்க இருக்கிறது நான் எழுதினது. அப்பிடியே இருக்கு. அவங்கள் என்ர பட்டியலைச் சேர்க்காம புதுசா எழுதினபடியால் மறைஞ்சு நிக்குது."

டிரைவ் வட்டை விழுங்கி உறுமுகிறது. அவள் பழைய பதிவைத் தேடித் திறக்க, வெள்ளைச் சட்டைக் குழந்தை தலையில் தண்ணீர் வழிய வாயைப் பிளந்து அழுதபடி திரைக்கு வருகிறது. ஒஸ்வால்ட் கண்ணாடி மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொள்கிறான். பழைய படங்களையும் புதியதையும் இணைத்து அவள் எழுதி முடித்ததும், வட்டை மூடவா என்று கணினி கேட்கிறது. "மூடி விடுங்கோ அக்கா, பயமாயிருக்கு." யோசெப்பின் நிமிர்ந்து உட்கார்ந்து, வேண்டாம் என்பதை அழுத்துகிறாள். வெளியே வந்த வட்டை மறுபடி வெயிலில் பிடிக்கிறாள். ஓரத்தில் இன்னும் ஒரு விரலகலம் எழுதப்படாமல் மினுங்குகிறது. "பிள்ளையின்ர கலியாணத்துக்கும் இடமிருக்கு. இங்கயே கொண்டு வா."