குவோக்கின் மின்னஞ்சல் பெட்டி

சரக்குத் தகராறு நீதிமன்றம் ஏறியதும், இறந்துபோன முதலாளி குவோக்கின் மின்னஞ்சல்களையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து இழுப்பறையில் பூட்டினாள், ஹாங்காங் அலுவலகத்தின் ஆவணப் பொறுப்பாளர் சிட்டோ. ஒவ்வொரு முறை செருகிப் பார்க்கும்போதும், அவர் திறக்காமலே போன அஞ்சல்களில் சிலவற்றில் படித்ததாகக் குறி விழுந்திருந்தது. சிட்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை. நீதிமன்றத்தில் அசல் வடிவத்தில் கொடுத்தால் எதிர்த்தரப்பு அந்தக் குறியைப் பார்த்துவிடும். சாட்சியத்தில் கைவைத்தாள் என்று வேலை போய்விடும்.

“செத்தவரு படிக்கிறாருன்னு நீதிபதிகிட்ட சொல்லவாக்கா?”

“உயிரோட இருந்தப்பவே படிக்காத மனுஷன்டி. எல்லாத்தையும் பிடிஎஃப்பா மாத்திக் குடு, குறியே வராது,” என்றாள் தொலைபேசியில் நிறுவனத்தின் வக்கீல் ஃபுங்.

“சரிக்கா, பிடிஎஃப்” என்று பதிவுக்காக ஃபுங்குக்கு மட்டும் ஒரு அஞ்சல் அனுப்பிவிட்டு, சிட்டோ டிஸ்க்கைச் செருகினாள். குவோக்கின் அஞ்சல் பட்டியலின் உச்சியில் அவள் இப்போது அனுப்பிய அஞ்சலே இருந்தது. படித்ததாகக் குறி விழுந்திருந்தது.