குந்தாணியின் கன்னம்

“இடது கன்னம் நல்லா வீங்கியிருக்கு. வலது பக்கம் எப்படின்னுதான் தெரியலை. அதை நீதான் பார்த்துச் சொல்லணும்” என்றாள் அக்கா.

ஸ்கேன் அறையின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி தலையைத் தூக்காமல், “வயசு?” என்றான்.

“அது இருக்கும், பல கோடி வருஷம்.”

“அவ்வளவு பெரிய நம்பர் இதுல ஏறாது. நூறுன்னு போட்டுடறேன். பேரு?”

“குந்தாணின்னு போடு.”

கண்ணாடிக்கு அப்பால், நோயாளிகள் படுக்கும் மேஜையில் ஒரு சுண்ணாம்புக்கல் கிடந்தது. கல்லில் பாதி புதைந்து, பாதி தெரியும்படி ஓர் ஓடு. நண்டும் இல்லாமல் சிங்கி இறாலும் இல்லாமல், வாலை அடியில் மடக்கிக்கொண்டு கடலடியில் குந்தியிருந்த ஏதோ ஒரு பிராணி. அக்கா வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் எல்லாரும் அதைக் குந்தாணி என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வீங்கிய கன்னத்தை வைத்துத்தான், இதுவரை யாரும் பெயர் வைக்காத புது இனம் இது என்று அவள் அடித்துச் சொன்னாள். துறைத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். செவுளுக்குள் ஒட்டுண்ணி புகுந்தால் ஓடு அந்தப் பக்கம் உப்பிக்கொள்ளும். இது நோய் பிடித்த பழைய இனம்தான், இதற்குப் போய் இத்தனை வருஷத்தை வீணடித்தாயே என்றார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

வலது கன்னமோ கல்லுக்குள். கல்லை உடைத்தால் ஓடும் நொறுங்கிவிடும். தம்பிதான் போனில் வழி சொன்னான். “லீவு நாள்ல மெஷின் சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கிட்டு வா. யாருகிட்டயும் குடுத்து அனுப்பாதே, நீயே வா. வெறும் வயித்தோட வா, முடிஞ்சதும் சேர்ந்து சாப்பிடலாம்.”

அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவருக்கும் கதவுக்குமாக நடந்தாள். ஏசிக் குளிருக்குச் சால்வையைக் கழுத்தில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

“உட்காரேன்க்கா, தலை சுத்துது.”

“எனக்கு ஒண்ணும் சுத்தலையே.”

“எனக்குச் சுத்துது.”

மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்கேன் டாக்டர் சிரித்தார். ஒரு கல்லைப் பார்ப்பதற்காக லீவு நாளில் இவர் வந்திருக்கிறாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமை.

“ஒரு பக்கம் வீங்கினா என்ன, ரெண்டு பக்கம் வீங்கினா என்னம்மா?” என்று கேட்டார் அவர்.

“ஒரு பக்கம் மட்டும்னா நோய், டாக்டர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா அதோட பிறவி வடிவமே அதுதான். அப்போ அது புது இனம்.”

டாக்டர் தலையை ஆட்டினார். இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா விரல் நகத்தைக் கடித்துத் துப்பினாள்.

திரையில் கல்லின் உள்பக்கம் சீவல் சீவலாக வரத் தொடங்கியது. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தம்பி மவுஸை உருட்டிக்கொண்டே போனான். நடுவில் வெளிறிய கோடு ஒன்று எழுந்தது, வளைந்தது, வலது பக்கம் இறங்கியது.

“அக்கா...”

“வாயை மூடு. இன்னும் கொஞ்சம் தள்ளு.”

கோடு தட்டையாகப் போகும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. போகவில்லை. புடைத்தது. இடது பக்கம் போலவே, அச்சில் வார்த்த மாதிரி.

“ரெண்டு பக்கமும்டா!” என்று தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். “புதுசுடா! நம்ம குந்தாணி புதுசு! நாளைக்கு எங்க தலைவர் மூஞ்சியைப் பார்க்கணுமே நான்!”

“அடிக்காதே, எலும்பு உடைஞ்சா அதுக்கும் நான்தான் ஸ்கேன் எடுத்துக்கணும்.”

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், திரும்பச் சிரித்தாள். “சரி, கல்லை எடு. சாப்பிடப் போகலாம். பசி குடலைப் பிடுங்குது.”

தம்பி உள்ளே போய்க் கல்லை எடுத்தான். துணியில் சுற்றிக் கொண்டுவந்து, குழந்தையைக் கொடுப்பதுபோல அவள் கையில் கொடுத்தான். பிறகு திரும்பிப் போய் மேஜைமேல் வெள்ளை விரிப்பு ஒன்றை உதறிப் போட்டான். டாக்டர் தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“யாருக்குடா விரிப்பு? வேற யாரும் வர்றாங்களா?”

தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“இத்தனையும் உன் கழுத்துக் கட்டிக்காகத்தான், ஏறிப் படுக்கா.”