ஓவியா சொன்ன சீனப் படம்

"நல்லா இருன்னு சொல்றவ எதுக்கு புள்ள இப்படிப் பளார்னு அறையறா?"

அம்மா தனபாக்கியம் கேட்டதும் ஓவியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவியில் சீனத்து அம்மா மகளை அறைந்துவிட்டு, வாசல் பக்கம் விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். 'இந்தப் படியைத் தாண்டினால் நான் உனக்கு அம்மா இல்லை' என்று கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது.

"அது வந்து... சந்தோஷத்துலம்மா. அவங்க ஊர்ல சந்தோஷம் தாங்கலேன்னா அப்படித்தான் தட்டுவாங்க."

"தட்டறதா? கன்னம் செவந்து போச்சே!"

"அது மேக்கப்மா."

"வெரலை நீட்டறாளே?"

"வாசல்ல கார் வெயிட் பண்ணுது, சீக்கிரம் கிளம்புன்னு சொல்றாங்க."

தனபாக்கியம் "ஓஹோ" என்றாள். ஓவியா நகத்தைக் கடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஐந்தே முக்கால். ஏழு மணிக்கு அம்மா, ஈரோட்டில் இருக்கும் அப்பா கந்தசாமிக்குப் போன் போட்டு, பெருந்துறை மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்று சொல்ல வேண்டும். ஜாதகம் பொருந்திவிட்டது. நிச்சயத்துக்கு நாளும் பார்த்தாகிவிட்டது. அம்மா ஒருத்தி வேண்டாம் என்றால் போதும், அப்பா மறுபேச்சுப் பேச மாட்டார்.

அந்த அம்மாவிடம்தான் நாலு மாதமாக வாய் திறக்க முடியவில்லை. இங்கே அமெரிக்காவில், சான்டா கிளாரா ஆபீஸில் பக்கத்து க்யூபிக்கிளில் உட்காரும் லியாங் என்கிற சீனத்துப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிற அம்மாவிடம் எப்படிச் சொல்வது? 'நானே வந்து பேசுகிறேன்' என்று அவன் நச்சரித்துக்கொண்டிருந்தான். 'அம்மா ஊருக்குப் போகிறவரை என் அபார்ட்மென்ட் பக்கம் தலைவைத்துப் படுக்காதே' என்று உத்தரவு போட்டிருந்தாள். அம்மாவுக்கு வருகிற சனிக்கிழமை ஃப்ளைட்.

கடைசி அஸ்திரமாகத்தான் நேற்று அவனிடமிருந்து இந்தப் பட கேசட்டை வாங்கி வந்தாள். பழைய வீடுகளை இடித்து பிளாட் கட்ட ஆரம்பித்த காலத்துக் கதை. அப்பா பார்த்த அதிகாரி வீட்டுப் பையனை வேண்டாமென்று சொல்லி, பஸ் டிரைவரைக் காதலிக்கிறாள் ஒரு பெண். அதை அம்மா பார்த்துவிட்டு மனசு இளகினால், மெதுவாக விஷயத்தை எடுக்கலாம் என்று கணக்கு.

ஆனால் படத்தில் அந்த அம்மாக்காரி இளகுகிற வழியாக இல்லை. நல்லவேளையாக, "இந்த எழுத்து எக்ஸ்பிரஸ் ரயிலாட்டம் ஓடுது, நீயே சொல்லு கண்ணு" என்று தனபாக்கியம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். கரும்பு தின்னக் கூலியா? ஓவியா தன் இஷ்டத்துக்கு வசனம் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"இப்ப எதுக்கு அந்தப் புள்ள மழையில பொட்டியத் தூக்கிட்டுப் போறா?"

"ஹனிமூன்மா."

"தனியாவா?"

"டிரைவர் பஸ் ஸ்டாண்டுல இருக்கான்."

ஓவியா எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பாழாய்ப் போன படம் முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது. பல வருஷம் கழித்து வீட்டுக்கு வந்த மகள், சுவரில் மாட்டிய அம்மாவின் போட்டோவைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

"போட்டோவுக்கு முன்னால ஊதுபத்தி புகையுதே புள்ள?"

"அது... அவங்க ஊர் மரியாதை."

"அந்த அம்மாவை ஆளையே காணோம்?"

"கிச்சன்ல இருக்காங்க. விருந்து சமைக்கிறாங்க. பொண்ணு அழறது ஆனந்தக் கண்ணீர். பாத்தியா, பெத்தவங்க சரின்னு சொன்னா எல்லாரும் எவ்வளவு ஹேப்பியா இருக்காங்க!"

தனபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணி ஏழு. போன் கார்டு நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாம் தடவை அந்தப் பக்கம் மணி அடித்ததும் தனபாக்கியம் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, நாந்தானுங்க. அந்தப் பெருந்துறை எடம் வேண்டாம்னு சொல்லிப்போடுங்க... இல்லீங்க, புள்ளைக்கு இஷ்டமில்லை. மீதியை ஊருக்கு வந்து சொல்றனுங்க."

வைத்துவிட்டாள். அவ்வளவுதான்!

ஓவியாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடேயப்பா, தன் மொழிபெயர்ப்புக்கு இவ்வளவு சக்தியா! ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"படம் அவ்வளவு பிடிச்சிருச்சாம்மா? அம்மா... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க ஆபீஸ்ல ஒரு பையன்..."

"லியாங்குதானே?"

ஓவியாவின் கை தானாக நழுவியது. "உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் நீ ஆபீஸ் போனதும், லீவு போட்டுட்டு இதே கேசட்டை எடுத்துக்கிட்டு வந்து நின்னான். ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி, நான் எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருந்து, ரெண்டு நாளா முழுப் படத்தையும் காட்டினான். மகளை வெரட்டிப்போட்டு, அவ மொகத்தைப் பாக்காமயே அந்த அம்மா செத்தாளே, அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன். நீயா வாயைத் தொறக்கறியான்னு பாக்கத்தான், உங்கிட்ட சொல்லாதேன்னு அவனைத் தடுத்தேன்."

தனபாக்கியம் பெருமூச்சு விட்டாள். "உன்னை அவனுக்குக் குடுக்கறதுல எனக்கு ஒரு யோசனையும் இல்லை கண்ணு. இந்தப் புளுகுணியைப் போயி அந்த நல்ல பையன் தலையில கட்டறமேன்னுதான் பாவமா இருக்குது!"