கடைசி அட்டை

பிரிண்டர் நின்றதும் மொக்கையன் தாளைக் கிழித்து, பின்பக்கமாகத் திருப்பி, ஜெயக்கொடியின் கையில் கொடுத்தான்.

முன்பக்கம் வெறும் முற்றுப்புள்ளிகள். பின்பக்கத்தில் அதே புள்ளிகள் கடுகு கடுகாகப் புடைத்துக்கொண்டு நின்றன. பார்வையற்றோர் பள்ளியில் அவள் விரலால் படித்துப் பழகிய பிரெய்ல்.

"எல்லாம் வந்துருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"வந்துருச்சு" என்றான். அந்த 'அண்ணே' வழக்கம்போல எங்கேயோ குத்தியது.

எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சென்னையிலிருந்து வந்த தேர்வாளர். பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அறையில் கண் தெரியாத மாணவி ஒருத்தி செய்முறைத் தேர்வு எழுதுவது இதுதான் முதல் தடவை. கணக்கைத் துளை போட்ட அட்டைகளின் கட்டாக மெஷினுக்குக் கொடுத்து, கம்ப்யூட்டர் தரும் விடையை அவளே படிக்க வேண்டும், பக்கத்தில் யாரும் படித்துச் சொல்லக் கூடாது. முடியாவிட்டால், கண் இல்லாதவர்களுக்கு இந்தப் பாடம் ஒத்துவராது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். எம்.எஸ்ஸி. கணிதத்தை அவள் பாதியில் விட்டுவிட்டு உசிலம்பட்டிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அதற்காகத்தான் ஆபரேட்டர் மொக்கையன் மூன்று மாதம் மல்லுக்கட்டினான். மதுரைப் புதுமண்டபத்து டெய்லர் கடையில் எலாஸ்டிக் வாங்கி வந்து, பிரிண்டரில் தாளுக்குப் பின்னால் இழுத்துக் கட்டினான். புள்ளி விழும் இடத்தில் தாள் குழிந்து, மறுபக்கம் புடைத்தது. முதல் மாதம் முழுக்க எழுத்தெல்லாம் இடவலம் மாறியே வந்தது.

"அண்ணே, இத வாசிக்கணும்னா நான் தாளுக்கு அந்தப் பக்கம் போயில்ல உக்காரணும்" என்று அவள் சிரித்த சிரிப்பில், பிறகு ஒரு வாரம் அவனுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

"படிம்மா" என்றார் தேர்வாளர்.

விரல் ஓடியது. ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் வர்க்கங்கள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். "கூட்டுத்தொகை, இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது."

எல்லாம் சரி. மொக்கையன் மூச்சு விட்டான்.

தேர்வாளர் பேனாவை மூடினார்.

"நாலு இலக்கப் பெருக்கலை மனசுலயே போடுற பொண்ணுன்னு உங்க வாத்தியாருங்க சொல்றாங்க. நீ தாள்ல இருக்கறதைப் படிச்சியா, தலையில இருக்கறதைச் சொன்னியா? எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இந்தக் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு சார்" என்றாள் ஜெயக்கொடி.

இருக்காதே. இருபது வரி, ஒரு கூட்டுத்தொகை, அவ்வளவுதானே? எட்டிப் பார்த்தான். அடியில் ஒரு வரி புள்ளிகள்.

அது என்ன வரி என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

முந்தாநாள் எலாஸ்டிக்கை மாற்றிக் கட்டியதும், சோதித்துப் பார்க்க ஓர் அட்டையில் ஒரு வரியைத் துளை போட்டு ஓட்டினான். தனியாக இருந்த தைரியத்தில் மனதில் இருந்ததையே போட்டுவிட்டான். தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாயிற்று. அட்டையை மட்டும் காணோம். மேஜைக்கு அடியில், குப்பைக் கூடையில், எங்கேயும் இல்லை. மெஷினுக்கு என்ன தெரியும்? அட்டைக் கட்டுக்குள் கூடுதலாக ஒன்று இருந்தால் அதையும் அடித்துத் தள்ளிவிடும்.

"என்னை... அண்ணே என்று... கூப்பிட வேண்டாம்."

நிறுத்தி நிறுத்தி, கணீரென்று படித்தாள்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆபரேட்டர், இப்படி ஒரு வரி இதுல இருக்கா?"

இல்லை என்றால் அவள் இட்டுக்கட்டிச் சொன்னதாக ஆகும். இருக்கிறது என்றால் பல்கலைக்கழக மெஷினில் சொந்தக் கதை ஓட்டியவன் அவன். வேலையோ தற்காலிகம்.

"இருக்கு சார்."

"யார் போட்டது?"

"நாந்தான் சார்."

அவர் அவனைப் பார்த்தார். பிரிண்டருக்குள் தெரிந்த எலாஸ்டிக்கைப் பார்த்தார். மறுபடி பேனாவைத் திறந்தார்.

"மனக்கணக்குல இது வராது" என்றபடி மதிப்பெண் போட்டார். வாசலில் திரும்பி, "அடுத்த தடவை பரீட்சைக் கட்டுல உன் அட்டையைச் சேர்க்காதேய்யா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மொக்கையன் காது சிவக்க அட்டைகளை அள்ளினான்.

"மன்னிச்சிரு ஜெயக்கொடி. எப்படிக் கலந்துச்சுன்னே தெரியல. ரெண்டு நாளா தேடுறேன்."

அவள் அட்டைக் கட்டை வாங்கி, அடியிலிருந்த அட்டையைத் தேடாமலே உருவினாள். அதன் துளைகள் மேல் கட்டைவிரலை மெல்ல ஓட்டினாள். காலையில் ஒவ்வோர் அட்டையாக அப்படித்தான் தடவிப் பார்த்து, வரிசை சரியா என்று அடுக்கி வைத்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நேத்து கால்ல தட்டுப்பட்டுச்சு" என்றாள். "இந்த மாதிரி கேப்பாருன்னு எனக்குத் தெரியும். கணக்குல வராத வரி ஒண்ணு வேணும்ல?"

"நான் இல்லைன்னு சொல்லியிருந்தா?"

"சொல்ல மாட்டீக."

அட்டையை அவனிடம் நீட்டவில்லை. தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள். கோலை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள்.

"ஆரப்பாளையம் பஸ் வந்துரும். வாரேன்" என்றாள்.

வழக்கமான 'வாரேண்ணே' இல்லை; அவ்வளவுதான் சொன்னாள்.